கிரேக்கத் தீவு உழவரின் உணவும் உடல் நலமும்

(உழவர் நாள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய கூட்டங்களில் விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பயிர்ப் பாதுகாப்பைப் பற்றியும் பேசுவது வழக்கம். விளைந்ததை எங்கே, என்ன விலைக்கு விற்பது என்பது வரையிலும் பேசுவோம். ஆனால், விளைந்ததில் நம் வீட்டு அடுப்படிக்குப் போவது எவ்வளவு, அது நம் உடலுக்கு என்ன செய்கிறது என்பதைப் பேசுவது குறைவு. இன்று அதைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு தீவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் பெயர் கிரீட். கிரேக்க நாட்டின் தீவுகளில் அதுவே மிகப் பெரியது.

சுமார் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அத்தீவின் ஏழை உழவர்கள் வேறு வழியின்றி உண்ட உணவைத்தான் இன்று உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் இருதய நோயாளிகளுக்கு எழுதித் தருகிறார்கள். இது ஒரு செய்தி. அதே உழவரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அந்த உணவை உண்பதில்லை. இதன் விளைவையும் அவர்கள் அனுபவிக்கிறார்கள். இது இரண்டாவது செய்தி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்குப் பாடம் கிடைக்கும்.

நிலமும் மழையும்

கிரீட் தீவு மத்தியதரைக் கடலில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 260 கிலோ மீட்டர். பரப்பு சுமார் 8,300 சதுர கிலோ மீட்டர். நடுவே முதுகெலும்பு போல மலைத்தொடர் ஓடுகிறது. அதில் உயர்ந்த சிகரம் 2,456 மீட்டர். மழை முழுவதும் குளிர்காலத்தில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்து முடிந்துவிடும். கோடையில் வானம் வறண்டு கிடக்கும். மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையின் மேல் படிந்த மெல்லிய மண்.

இத்தகைய இடத்தில் உழவர்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, மண்ணைப் பிடித்து வைத்துப் பயிர் செய்தார்கள். இவ்வாறு கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் கிரீஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. உழவர் ஒருவருக்கு இருந்த நிலம் சிறிது. அதுவும் ஒரே இடத்தில் இராது. மேட்டில் ஒரு துண்டு பார்லி, சரிவில் சில ஆலிவ் மரங்கள், பள்ளத்தில் ஒரு காய்கறித் தோட்டம், வீட்டருகே திராட்சைக் கொடி, மலையில் மேயச் சில ஆடுகள். மானாவாரி உழவர்களாகிய உங்களுக்கு இந்தப் படம் புதிதாக இராது.

1948-இல் ஓர் ஆய்வு

இரண்டாம் உலகப் போரில் கிரீட் பெரும் சேதமடைந்தது. போருக்குப் பின் இத்தீவை முன்னேற்ற என்ன செய்யலாம் என்று கண்டறியுமாறு கிரேக்க அரசு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைக் கேட்டுக்கொண்டது. லேலண்ட் ஆல்பா என்பவர் தலைமையில் ஒரு குழு 1948-இல் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தது. நிலம், கால்நடை, வருமானம் எல்லாவற்றோடும் உணவையும் எடை போட்டுக் குறித்தது. அறிக்கை 1953-இல் வெளிவந்தது.

அவர்கள் கண்ட கணக்கு இது. உணவிலிருந்து கிடைக்கும் மொத்தச் சக்தியை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், 39 பங்கு தானியத்திலிருந்து கிடைத்தது. பருப்பு, கொட்டை வகைகள், உருளைக்கிழங்கு ஆகியவற்றிலிருந்து 11 பங்கு. காய், கீரை, பழங்களிலிருந்து 11 பங்கு. எண்ணெயிலிருந்து, அதாவது பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயிலிருந்து, 29 பங்கு. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் சேர்ந்து 4 பங்கு. பால் பொருள்கள் 3 பங்கு. எஞ்சிய 3 பங்கு சர்க்கரை, தேன், மது.

வறுமையைக் காண வந்த குழுவினர் வியப்படைந்தார்கள். வருமானம் மிகக் குறைவாக இருந்தும், நிலத்துக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தும் வகையில் உணவு நன்றாகவே அமைந்திருந்தது. ஆனால், அந்த மக்களைக் கேட்டபோது பெரும்பாலோர் தங்களுக்கு வேண்டியது இறைச்சி என்றார்கள். தாங்கள் உண்பது நல்ல உணவு என்று அவர்கள் எண்ணவில்லை. இல்லாதவர் உணவு என்றே எண்ணினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

தட்டில் என்ன இருந்தது

முதலில் ரொட்டி. கிரீட்டில் பார்லி மாவு ரொட்டியை ஒரு முறை சுட்டு, துண்டு போட்டு, ஆறிய அடுப்பின் மெல்லிய சூட்டில் இரண்டாம் முறை ஈரமே இல்லாமல் உலர்த்துவார்கள். இதற்குப் பக்சிமாதி என்று பெயர். மாதக் கணக்கில் கெடாது. விறகு அரிதான ஊரில் ஒரு நாள் அடுப்பு மூட்டி, பல வாரங்களுக்கு வேண்டிய ரொட்டியைச் செய்து வைப்பார்கள். ஆடு மேய்க்கச் செல்பவர் இதைப் பையில் போட்டுக்கொண்டு போவார். உண்ணும்போது சிறிது தண்ணீர் தெளித்து இளக்கி, மேலே துருவிய தக்காளி, எண்ணெய், ஆட்டுப்பால் பாலாடைக் கட்டி ஆகியவற்றை வைத்துக்கொள்வார்கள். இன்று அதே பண்டம் தாக்கோஸ் என்ற பெயரில் உணவு விடுதிகளில் விற்பனையாகிறது.

இரண்டாவது ஆலிவ் எண்ணெய். வேதாகமத்தில் ஒலிவ மரம் என்று படித்திருப்பீர்கள், அதுவே இது. கிரீட்டில் அதிகம் உள்ள ரகம் கொரோனேக்கி. காய் சிறியது; எண்ணெய்ச் சத்து மிகுந்தது. குளிர்காலத்தில் மரத்தடியில் வலை விரித்துக் காய்களை உதிர்த்து, காலம் தாழ்த்தாமல் ஆட்டி எடுப்பார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு நான்கு முதல் ஆறு கிலோ வரை காய் வேண்டும். இரசாயனச் சுத்திகரிப்பு எதுவும் இல்லை. பிழிந்த பழச்சாற்றை எப்படிப் பயன்படுத்துவோமோ அப்படியே அதைப் பயன்படுத்துவார்கள். காய்கறி, பருப்பு, கீரை எல்லாம் அந்த எண்ணெயில் வெந்தன.

மூன்றாவது பயறு வகைகள். கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பெரிய விதை அவரை, உலர்ந்த பீன்ஸ் ஆகியவை வாரத்தில் பல நாள் சமைக்கப்பட்டன. நான்காவது கீரையும் காய்கறியும். ஐந்தாவது பழமும் கொட்டையும்: அத்தி, திராட்சை, ஆரஞ்சு, பாதாம், அக்ரூட். இனிப்புக்குத் தேன். பால் பெரும்பாலும் ஆட்டுப் பால். அதையும் தயிராகவோ கட்டியாகவோ மாற்றி அளவாக உண்டார்கள். கடற்கரையில் சிறு மீன், மலையில் மழைக்குப் பின் பொறுக்கிய நத்தை. இறைச்சி பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது.

திராட்சை மதுவைச் சாப்பாட்டோடு அருந்தும் பழக்கமும் அங்கு இருந்தது. அதுவே நலத்துக்குக் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகக் கூறியுள்ளது.

களை என்று பிடுங்குவது கீரை

கிரேக்க உணவில் நமக்கு மிகவும் நெருக்கமானது கீரைதான். வயல் வரப்பிலும் மலைச்சரிவிலும் தானாக முளைக்கும் கீரைகளை அங்கே பொதுவாக ஹோர்த்தா என்பார்கள். குளிர்கால மழை பெய்ததும் பெண்கள் சிறு கத்தியும் பையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். எது உண்ணத்தக்கது, எது நஞ்சு, எது எந்த மாதத்தில் இளசாக இருக்கும் என்பதைப் பாட்டி பேத்திக்குச் சொல்லித் தருவாள். செலவில்லாத காய்கறித் தோட்டம் அது.

அவற்றில் மூன்று கீரைகள் உங்களுக்கும் தெரிந்தவை. கிரேக்கர் கிளிஸ்திரீதா என்பது நம் பருப்புக்கீரை. தாவரவியல் பெயர் போர்ட்டுலாக்கா ஒலிரேசியா. சதைப்பற்றான இலையும் சிவந்த தண்டும் மஞ்சள் பூவும் கொண்டு தரையோடு படரும். அவர்கள் வ்லீதா என்பது நம் குப்பைக்கீரை, முளைக்கீரை இனம். அவர்கள் ஸ்தீஃப்னோஸ் என்பது நம் மணத்தக்காளி இனம். கோடையில் குப்பைக்கீரையையும் மணத்தக்காளிக் கீரையையும் சேர்த்து வேக வைத்து, நீரை வடித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி ஒரு பெரிய தட்டு நிறைய உண்பது கிரீட் வீட்டு வழக்கம். நம் வயல்களில் களைக்கொத்தால் கொத்தி எறியும் அதே செடிகள்தாம் அங்கே சாப்பாட்டின் நடுவே இடம்பெற்றன.

பருப்புக்கீரையில் ஆல்ஃபா லினோலெனிக் என்னும் கொழுப்பு அமிலம் கீரைகளுக்கு அரிதான அளவில் உள்ளது. இது மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வகையைச் சேர்ந்த, இருதயத்துக்கு உகந்த கொழுப்பு. கிரேக்க நாட்டில் பிறந்த ஆர்ட்டெமிஸ் சிமோபவுலோஸ் என்னும் பெண் மருத்துவ விஞ்ஞானி 1986-இல் இதை எடுத்துக்காட்டினார். அதே வேளையில் இக்கீரையில் ஆக்சாலிக் அமிலமும் உண்டு. வேக வைத்து நீரை வடித்துவிட்டால் அது குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

ஏழு நாடுகளில் ஆராய்ச்சி

இனி, இந்த உணவு நலம் தந்தது என்பது எப்படித் தெரிந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, மாரடைப்பு சில நாடுகளில் மிகுந்தும் சில நாடுகளில் அரிதாகவும் இருப்பது ஏன் என்று ஆராய முற்பட்டார். அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, அன்றைய யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய ஏழு நாடுகளில் 40 முதல் 59 வயதுள்ள ஆண்கள் 12,763 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஆய்வு 1958-இல் தொடங்கியது. கிரீட் தீவில் 1960-இல் 686 பேரும், கோர்ஃபு தீவில் 1961-இல் 529 பேரும் பதிவாயினர். பின்னர் பல பத்தாண்டுகள் அவர்களுடைய உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

கிரீட் உழவர்களிடையே மாரடைப்பு மரணம் மிக மிகக் குறைவு. கிழக்குப் பின்லாந்தில் மிக அதிகம். வியப்பு என்னவென்றால், இரு இடங்களிலும் கொழுப்பு ஏராளமாக உண்டார்கள். கிரீட் உழவரின் சக்தியில் 100-க்கு ஏறத்தாழ 40 பங்கு கொழுப்பிலிருந்தே வந்தது. வேறுபாடு கொழுப்பின் வகையில் இருந்தது. பின்லாந்தில் வெண்ணெயும் பாலேடும். அது உறைந்து கெட்டியாகும் வகை. கிரீட்டில் ஆலிவ் எண்ணெய். அதில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றுவதில்லை. கிரீட்டில் உறையும் வகைக் கொழுப்பு 100-க்கு 8 பங்கு அளவே இருந்தது.

கண்காணிப்பு ஆய்வு ஒன்று தொடர்பைக் காட்டும், காரணத்தை உறுதிப்படுத்தாது. அந்த ஆய்வில் கிரீட்டில் உணவை எடை போட்டவர்களின் எண்ணிக்கை சிறிது என்ற குறையும் உண்டு. ஆகவே பின்னால் வந்தவர்கள் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். பிரான்சில் லியோன் நகரில் 1988-இல் தொடங்கிய ஆய்வில், ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்த 605 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்குக் கிரீட் முறையை ஒட்டிய உணவைப் பரிந்துரைத்தார்கள். ரொட்டி, கீரை, காய், மீன் அதிகம், இறைச்சி குறைவு, நாள்தோறும் பழம், வெண்ணெய்க்குப் பதில் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயில் செய்த பூச்சு. 1999-இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிரிவில் மீண்டும் மாரடைப்பு வருவது பாதிக்கும் கீழே குறைந்தது. அந்தப் பூச்சு ஆலிவ் எண்ணெயில் செய்யப்பட்டதன்று என்பதைக் கவனியுங்கள்.

ஸ்பெயினில் 7,447 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு பெரிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டதால் அது திரும்பப் பெறப்பட்டு, கணக்கைத் திருத்தி 2018-இல் மீண்டும் வெளியிடப்பட்டது. அதன் பின்னும் முடிவு மாறவில்லை. ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டை வகைகள் சேர்ந்த மத்தியதரைக் கடல் உணவு உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 100-க்கு 30 அளவில் குறைந்திருந்தன.

நலத்தின் காரணங்கள்

இந்த உணவில் ஒரே ஒரு மந்திரப் பொருள் எதுவும் இல்லை. பல காரணங்கள் ஒன்றுகூடி வேலை செய்தன.

பார்லியில் பீட்டா குளுக்கன் என்னும் நார்ப்பொருள் உண்டு. அது குடலில் பசை போலாகிக் கொலஸ்டிராலைக் குறைக்க உதவும். சர்க்கரை இரத்தத்தில் மெதுவாகச் சேரச் செய்யும். பயறு வகைகள் புரதத்தோடு நாரையும் தரும். கீரை, காய்களில் உள்ள சில உயிர்ச்சத்துகள் எண்ணெய் சேர்ந்தால்தான் உடலில் ஏறும். எண்ணெய் சேர்ந்ததால் கசப்பான காட்டுக் கீரையையும் தட்டு நிறைய உண்ண முடிந்தது. இறைச்சியும் இனிப்பும் அரிதாக வந்ததால் அவற்றால் தீங்கு இல்லை.

அடுத்தது உழைப்பு. அந்நாளைய கிரீட் உழவர் கழுதையோடு மலை ஏறி இறங்கினார், கையால் கொத்தினார், நாள் முழுவதும் நடந்தார். அத்தனை எண்ணெயை எரிக்கும் உழைப்பு அவரிடம் இருந்தது. உட்கார்ந்து வேலை செய்பவர் அதே அளவு எண்ணெயை ஊற்றிக்கொண்டால் உடல் பருக்குமே தவிர நலம் பெருகாது.

மூன்றாவது நோன்பு. கிரேக்க மரபுவழிக் கிறிஸ்தவத் திருச்சபையின் விதிப்படி ஈஸ்டருக்கு முன் 48 நாட்கள், கிறிஸ்துமஸுக்கு முன் 40 நாட்கள், ஆகஸ்டில் 15 நாட்கள், மேலும் பெரும்பாலான புதன், வெள்ளிக் கிழமைகளில் இறைச்சி, பால், முட்டை உண்ணக் கூடாது. எல்லாம் கூட்டினால் ஆண்டில் 180 முதல் 200 நாட்கள் வரை ஆகும். அந்நாட்களில் பயறும் கீரையும் காயும் ரொட்டியுமே உணவு. கிரீட் பல்கலைக்கழகத்தினர் 120 பேரை ஓராண்டு கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நோன்பை முறையாகக் காத்தவர்களின் இரத்தக் கொலஸ்டிரால் மற்றவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

மற்ற தீவுகள்

கிரீட் மட்டுமன்று, ஏஜியன் கடலில் உள்ள சிறு தீவுகளிலும் இதே முறைதான். சிஃப்னோஸ் தீவு மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே சனிக்கிழமை மாலை ஊற வைத்த கொண்டைக்கடலையை வெங்காயம், எண்ணெய், மணமூட்டும் இலையோடு மண்சட்டியில் இட்டு மூடி, விறகு அடுப்பில் வைத்துவிடுவார்கள். இரவு முழுவதும் தணலில் வெந்து, ஞாயிறு காலை கோவில் வழிபாடு முடிந்து வரும்போது வெண்ணெய் போல் மசிந்திருக்கும். அதுவே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

சாந்தோரினி எரிமலைத் தீவு. மழை சொற்பம், ஆறு கிடையாது. கடற்காற்றின் ஈரத்தையும் பனியையும் எரிமலைச் சாம்பல் மண் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பியே பயிர். கடுங்காற்றுக்குப் பயந்து திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் தரையோடு கூடை போல் வளைத்துப் பின்னி, அதன் உள்ளே குலை விடச் செய்கிறார்கள். அங்கே பாசனம் இன்றி விளையும் சிறு தக்காளியும், ஃபாவா என்னும் மஞ்சள் பருப்பும் புகழ் பெற்றவை. பருப்பை மசிய வேக வைத்துக் கடைந்து, எண்ணெய், வெங்காயம், எலுமிச்சை சேர்த்து உண்பார்கள். நம் பருப்புக் கடையலைத் தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இக்காரியா தீவு நீண்ட ஆயுளுக்காகப் பேசப்படுகிறது. ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் அங்கே முதியோரை ஆய்வு செய்தனர். கீரையும் பயறும், மலையில் நடப்பதும், பிற்பகல் சிறு துயிலும், தனிமையில்லாத வாழ்வும் அங்கே காணப்பட்டன. இத்தகைய இடங்களில் முதியோரின் வயதுக் கணக்கு எவ்வளவு சரி என்பதில் ஆய்வாளரிடையே விவாதம் உண்டு. ஆகவே நூறு வயதுக் கதைகளை விட்டுவிட்டு, கண்முன் தெரியும் உணவையும் உழைப்பையும் எடுத்துக்கொள்வது நல்லது.

தட்டு மாறியது, உடலும் மாறியது

இப்போது இரண்டாவது செய்திக்கு வருவோம். 1960-க்குப் பின் கிரீட்டில் சாலைகள் வந்தன. சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். தென்கிழக்கே இயராபெத்ரா பகுதியில் கண்ணாடிக் குடில் போன்ற பசுமைக் குடில்களில் காய்கறி விளைவித்து நல்ல பணம் பார்த்தார்கள். 1981-இல் கிரீஸ் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. கழுதையின் இடத்தில் வண்டி வந்தது. கையில் பணம் புழங்கியதும், 1948-இல் அவர்கள் கேட்ட இறைச்சி தட்டுக்கு வந்தது. அதோடு பாலாடைக் கட்டி, இனிப்புப் பானம், பொட்டலத் தின்பண்டம் எல்லாம் வந்தன.

வருமானம் உயர்ந்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிள்ளைகள் படித்தார்கள், வறுமை நீங்கியது. ஆனால், கிரீட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட கணக்கில், முப்பது ஆண்டுகளில் உறையும் கொழுப்பும், இரத்தக் கொலஸ்டிராலும், உடல் எடையும் கூடியிருந்தன; உடல் உழைப்பு குறைந்திருந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளிடம் உடல் பருமன் மிகுந்த ஐரோப்பிய நாடுகளுள் கிரீசும் ஒன்று. ஆலிவ் மரங்கள் அங்கேயே நிற்கின்றன. ஆலிவ் எண்ணெயும் வீட்டில் இருக்கிறது. ஆனாலும் எண்ணெய் மட்டும் அவர்களைக் காக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, மாரடைப்பில் முதலிடத்தில் இருந்த கிழக்குப் பின்லாந்தைப் பாருங்கள். அங்கே வடக்குக் கரேலியா மாவட்ட மக்களே அரசிடம் முறையிட்டு, 1972-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. புகைபிடிப்பதை விடவும், உப்பையும் வெண்ணெயையும் குறைக்கவும், காய்கறி உண்ணவும் ஊர் ஊராக எடுத்துச் சொன்னார்கள். வெண்ணெய் குறைந்தால் கறவை மாடு வைத்திருப்போர் பாதிக்கப்படுவார்களே என்று எண்ணி, அவர்கள் பெர்ரிப் பழப் பயிருக்கு மாறவும் வழி செய்தார்கள். குளிர் நாட்டுக்கு ஏற்ற ரேப் விதைப் பயிரும் பரவியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே மாரடைப்பு மரணம் 100-க்கு 80-க்கு மேல் குறைந்தது.

ஒரு தீவு நல்ல தட்டைக் கைவிட்டது. ஒரு மாவட்டம் கெட்ட தட்டைத் திருத்திக்கொண்டது. இரண்டும் ஒரே தலைமுறைக் காலத்தில் நடந்தவை. உணவுப் பழக்கம் தலைவிதி அன்று. எந்தப் பக்கமும் திருப்பக்கூடியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இதைக் கேட்டவுடன் சிலர், ஆலிவ் மரம் நடலாமா என்று கேட்பார்கள். ஆலிவ் மரம் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் தேவை. நம் சமவெளியில் அது கிடைக்காது. விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. நம் கடலை எண்ணெயில் சற்றேறக்குறையப் பாதியும், நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கும் அதே ஒலியிக் அமிலம்தான். நாம் கவனிக்க வேண்டியவை வேறு.

1. வயலில் பருப்புக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி முளைத்தால், களை எடுக்கும்போது இளம் செடிகளைத் தனியே சேர்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலிலும், சாக்கடை ஓரத்திலும் பறிக்க வேண்டாம். நன்கு தெரிந்த கீரையை மட்டுமே பறியுங்கள்.

2. விளைந்த பயறு முழுவதையும் விற்றுவிடாமல், வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வேண்டியதை முதலில் எடுத்து வையுங்கள். கிரீட் உழவர் விற்றது போக மிஞ்சியதை உண்ணவில்லை. உண்டது போக மிஞ்சியதை விற்றார்.

3. தானியத்தைத் தவிடு நீக்காமல் உண்பது நல்லது. இறைச்சியும் இனிப்பும் பண்டிகைக்கு உரியவையாக இருக்கட்டும்.

4. எண்ணெயின் அளவு உழைப்பின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

5. எந்தக் கீரை எப்போது, எப்படி உண்ணத்தக்கது என்பதை வீட்டில் உள்ள முதியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்த அறிவு ஒரு தலைமுறை விட்டுப்போனால் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் எளிதில் திருப்பித் தர இயலாது.

இறுதியாக ஒரு செய்தி. கிரீட்டில் ஸ்தாம்நகாதி என்றொரு முட்கீரை உண்டு. ஒரு காலத்தில் ஏழைகள் பாறையிடுக்கில் தேடிப் பறித்தது. இன்று அதை உழவர்கள் தோட்டத்தில் பயிரிட்டு நல்ல விலைக்கு உணவு விடுதிகளுக்கு விற்கிறார்கள். சாந்தோரினியின் ஃபாவா பருப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப் பெயர் பாதுகாப்பு அளித்துள்ளது. வெளியூரார் விலை கொடுத்த பிறகுதான் பலருக்குத் தங்கள் உணவின் மதிப்பு தெரிந்தது. 1948-இல் அந்த உழவரிடம், நீங்கள் உண்பது நல்ல உணவு, இதைப் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்லுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. உங்கள் வயலிலும் வரப்பிலும் அடுப்படியிலும் அத்தகைய உணவு இன்னும் இருக்குமானால், அதை இல்லாதவர் உணவு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.